‘டேக் ஆஃப்’: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: விமானம் கிளம்பினாலும் டேக் ஆஃப், செருப்பைக் கழற்றினாலும் டேக் ஆஃப். எப்படி சார்?

பதில்: ‘ஆஃப்’ என்ற துணுக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருந்த ஒன்று விலகுகிறது, அதுதான் அதன் அடிப்படை. ஒற்றை எஃப் போட்டு எழுதுகிறோமே, அந்த ‘ஆஃப்’பும் இரட்டை எஃப் போட்ட இதுவும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். அழுத்திச் சொன்ன வடிவம் நாளடைவில் தனிச்சொல்லாகப் பிரிந்துவிட்டது. காலை விட்டுச் செருப்பு விலகுகிறது, தரையை விட்டு விமானம் விலகுகிறது. விலையிலிருந்து ஒரு தொகை விலகினால் தள்ளுபடி. வேலையிலிருந்து ஒரு நாள் விலகினால் விடுப்பு: ‘டேக் எ டே ஆஃப்’. ஒருவரைப் போலப் பேசிக் காட்டுவதையும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் டேக் ஆஃப் என்பார்கள். அதற்கு இந்தக் கணக்கு உதவாது, தனியாகத்தான் பழக வேண்டும்.

ஒன்றை மட்டும் கேளுங்கள்: பொருள்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். முழு வாக்கியமாகப் பழகுங்கள்.

கேள்வி: செருப்பைப் பற்றி ‘டேக் ஆஃப் தெம்’ என்று எழுதினேன். தவறு என்கிறார்கள்.

பதில்: தவறுதான். ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’, ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் ‘தெம்’, ‘இட்’ மாதிரி பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘டேக் தெம் ஆஃப்’.

கேள்வி: எதிர்ச்சொல் ‘டேக் ஆன்’ தானே?

பதில்: இல்லை. உடைக்கு ‘புட் ஆன்’, விமானத்துக்கு ‘லேண்ட்’. ‘டேக் ஆன்’ என்றால் பொறுப்பை ஏற்பது, ஆளை வேலைக்கு எடுப்பது.

கேள்வி: எல்லாப் பொருளையும் ஒரே பட்டியலாகத் தர முடியுமா?

பதில்: முதல் பதிலின் கடைசி இரண்டு வாக்கியங்களைப் படியுங்கள்.

கேள்வி: ‘டேக் ஓவர்’, ‘டேக் அப்’ பட்டியலாவது?

பதில்: இன்றைக்கு ‘ஆஃப்’ மட்டும். பட்டியல் வேண்டாம் என்று மறுபடியும் சொல்கிறேன்.

கேள்வி: தமிழிலும் இது உண்டே! எடுத்துக்காட்டு, எடுத்தெறி, எடுத்தாள். எல்லாம் ‘எடு’தானே?

பதில்: நல்ல கேள்வி, ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழில் சேர்வது இரண்டு வினைகள். ஆங்கிலத்தில் வினையோடு சேர்வது திசை காட்டும் ஒரு துணுக்கு. சோதித்துப் பாருங்கள். ‘தவறை எடுத்துக் காட்டினார்’ என்பதில் ‘தவறை’ என்ற சொல்லை நடுவில் போட்டால் ‘எடுத்துத் தவறைக் காட்டினார்’ என்றாகி, எதையோ கையில் எடுத்த மாதிரி பொருள் மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஷூஸை நடுவில் போட்டாலும் பொருள் அசையவில்லை.

கேள்வி: இலக்கணம் வேறாக இருக்கட்டும் சார். ‘எடு’ என்ற பொருளே காணாமல் போவது இரண்டிலும் ஒன்றுதானே?

பதில்: சரி, அந்த இடத்தில் நீங்கள் சொல்வது நியாயம். உங்கள் பக்கத்துக்கு நானே ஒரு சான்று தருகிறேன். ஒரு யோசனை மக்களிடம் சூடுபிடிக்காமல் போனால் ஆங்கிலத்தில் ‘இட் டிட்ன்ட் டேக் ஆஃப்’ என்பார்கள். தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? ‘எடுபடவில்லை.’