கிட்னி கேன்சர் மார்க்கர் ஆராய்ச்சிக்கு போறீங்களா? கணக்கையும் கூட்டிட்டு போங்க தம்பி

தம்பி, பயோகெமிஸ்ட்ரி முடிச்சுட்டு கிட்னி கேன்சர் ப்ரோட்டீன் மார்க்கர்ல (நோயோட தன்மைய காட்டிக் குடுக்குற ப்ரோட்டீன்) இறங்கணும்னு எழுதியிருக்கீங்க, வீட்ல "அதுல என்ன வேலை கிடைக்கும்"னு கேக்குறாங்களாம். முதல்ல வேலை என்னன்னு பாத்துடுவோம்.

பேப்-1னு ஒரு ப்ரோட்டீன். அதுக்கு ஸ்டெயின் பண்ணின, அதாவது சாயம் ஏத்தின ஸ்லைடை மைக்ரோஸ்கோப்ல வெச்சா நார்மல் செல்லோட நியூக்ளியஸ் பழுப்பா தெரியும், ட்யூமர் செல்ல பழுப்பு காணாம வெறும் நீலமா இருந்தா ப்ரோட்டீன் போயிடுச்சுன்னு அர்த்தம், க்ளியர் செல்ங்கிற கிட்னி கேன்சர் டைப்ல அப்படி போனவங்களுக்கு நோய் பொதுவா மோசமா போகுதுன்னு பல ஸ்டடில வந்திருக்கு. ஆனா பக்கத்துல இருக்குற நார்மல் செல்லும் நீலமாவே இருந்தா? ஸ்டெயினே பிடிக்கலைங்க, அந்த ஸ்லைடை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இந்த கண்ணு வர்றதுக்கே நாளாகும்.

சரி, கண்ணு வந்துடுச்சுன்னே வெச்சுக்குவோம். பேப்-1 போன ட்யூமர் பெரும்பாலும் ஹை கிரேடாவும் (செல் பாக்கவே ரொம்ப மாறிப்போனது) இருக்கும், அப்போ ஆளுக்கு முடியாம போனது ப்ரோட்டீனாலயா கிரேடாலயா, ஸ்டேஜையும் (நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு) கிரேடையும் கணக்குல சேத்த பிறகும் இந்த மார்க்கர் புதுசா ஏதாவது சொல்லுதா? இங்கதான் முக்காவாசி மார்க்கர் கவுந்துடுது. கேஐ-67, பிடி-எல்1னு மத்த ப்ரோட்டீன் மார்க்கர் மேலயும் பேப்பர் குவிஞ்சு கிடக்கு, சிஏ-9னு இன்னொரு மார்க்கர் எந்த டைப் கேன்சர்னு சொல்றதுக்கு நல்லாவே உதவுது, ஆனா நோய் எப்படி போகும்னு கேட்டா டாக்டர் இன்னும் ஸ்டேஜ், கிரேடு, நெக்ரோசிஸை (ட்யூமர்ல செத்துப்போன பகுதி)த்தான் முதல்ல பாப்பாரு. அதனால சர்வைவல் அனாலிசிஸ் (யார் எவ்வளவு நாள் பிழைச்சாங்கன்னு போடுற கணக்கு), அதை போட உதவுற ஆர் ப்ரோக்ராமிங் ரெண்டும் தெரியாம வெறும் லேப் கையோட போகாதீங்க. லேபும் கணக்கும் தெரிஞ்சவங்க கிடைக்குறது கஷ்டம், டயக்னாஸ்டிக் கம்பெனி, க்ளினிக்கல் ட்ரயல், பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு வழி திறக்கும்.

வீட்ல "இதால யாருக்கு என்ன பிரயோஜனம்"னு கேட்டா விஎச்எல்ங்கிற ஜீனோட கதைய சொல்லுங்க. அந்த ஜீன் கெட்டா, ஆக்சிஜன் குறையும்போது வேலை செய்யுற எச்ஐஎஃப் ப்ரோட்டீன் அழியாம குவியும், அதுதான் கிட்னி கேன்சர் வளர வழி விடுது, செல் ஆக்சிஜனை எப்படி உணருதுன்னு கண்டுபிடிச்ச கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூணு பேருக்கும் 2019ல நோபல், எச்ஐஎஃப்ல ஒரு வகையான எச்ஐஎஃப்-2 ஆல்ஃபாவை அடக்குற பெல்சுடிஃபான் மாத்திரைக்கு 2021ல அமெரிக்கால அனுமதி.

கோர்ஸ் அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை. ஹ்யூமன் ப்ரோட்டீன் அட்லஸ்னு ஒரு வெப்சைட், ஃப்ரீதான், அதுல சிஏ-9 போட்டு ஸ்லைடு படத்தை பாருங்க, அப்புறம் கிட்னி கேன்சர் சர்வைவல் கிராஃபை பாருங்க (அந்த கிராஃப் ஆர்என்ஏ அளவை வெச்சு போட்டது, ப்ரோட்டீன் இல்ல, இதுல நிறைய பேர் குழம்பிடுறாங்க). பாத்ததும் கேள்வி கேள்வியா வந்தா எழுதுங்க, கொட்டாவி வந்தா வேற கோர்ஸ் பேசலாம்.