யூனியன்வில் பழைய வீடு: யன்னலை மாற்றலாமா?

கேள்வி: கனடாவின் மார்க்கம் நகரில், யூனியன்வில் பிரதான வீதிக்கு அருகே 1870களில் கட்டிய மரவீடு ஒன்றை வாங்க யோசிக்கிறோம். யன்னல்களால் குளிர் புகுகிறது. வினைல் (பிளாஸ்டிக்) யன்னல் போடலாமா? பின்னால் ஓர் அறை கூட்டலாமா?

பதில்: அறை கூட்டலாம், வினைல் வேண்டாம். யூனியன்வில் பாரம்பரியப் பாதுகாப்பு வட்டாரம் என்பதால், ஒன்ராறியோ பாரம்பரியச் சட்டத்தின் 5ஆம் பகுதிப்படி வீட்டின் வெளிப்புறத்தை மாற்ற நகரசபையின் அனுமதி தேவை. உட்புறத்துக்கு இந்த விதி இல்லை. ஆனால் வீடு பாரம்பரியச் சொத்தாகத் தனியாகவும் அறிவிக்கப்பட்டிருந்தாலோ, அதன்மேல் பாரம்பரியப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஏதும் இருந்தாலோ உள்ளேயும் கட்டுப்பாடு வரலாம். வீட்டு உறுதியைப் பார்க்கும்போதே வழக்கறிஞரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

2021இல் 338,503 பேர் வாழ்ந்த நகருக்குள் இந்தச் சிற்றூர் தானாகத் தப்பவில்லை. கென்னடி வீதியை ஊருக்கு நடுவால் அகலமாக்கும் திட்டத்தை ஊரவர் எதிர்த்து நின்றார்கள். வீதி மேற்கே விலகிப் போனது. நீங்கள் வாங்கப்போவது அவர்கள் காத்த வரிசையில் ஒரு வீடு.

இனி யன்னல். மாலை வெயிலில் கண்ணாடியைச் சாய்வாகப் பாருங்கள். வெளியே நிற்கும் மரம் மெல்ல நெளிந்து தெரிந்தால் அது பழைய கண்ணாடி. யன்னல் சட்டமும் பெரும்பாலும் முதிர்ந்த மரத்தில் அறுத்ததாக இருக்கும். இன்று அந்தத் தரத்தில் பலகை கிடைப்பது அரிது. குளிர் பெரிதும் புகுவது சட்டத்தின் இடுக்குகளால்தான். கண்ணாடி விளிம்பில் காய்ந்து உதிர்ந்த பூச்சை மாற்றி, இடுக்குகளுக்குக் காற்றுத்தடுப்புப் பட்டி ஒட்டி, வெளியே இரண்டாவது யன்னல் ஒன்றைப் பொருத்தினால் வீடு கதகதப்பாகும். வினைல் யன்னலில் இரு கண்ணாடிகளுக்கிடையே ஈரம் படிந்தால் பெரும்பாலும் அதைக் கழற்றி எறியத்தான் வேண்டும். பழைய மர யன்னலையோ துண்டு துண்டாகப் பழுதுபார்க்கலாம். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும்; சோதிக்காமல் உரசாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம்.

கூட்டும் அறை பின்புறத்தில், பழைய கூரையைவிடத் தாழ்ந்து, வீதியிலிருந்து கண்ணில் படாமல் இருந்தால் அனுமதி எளிதாகும். விண்ணப்பம் கிடைத்ததென்று நகரசபை அறிவித்த பின் முடிவெடுக்க 90 நாட்கள் உண்டு. ஆகவே விலை பேசுவதற்கு முன்பே பாரம்பரியப் பிரிவு அலுவலரிடம் படங்களோடு போய்ப் பேசுங்கள். பாரம்பரிய வீடுகளுக்குச் சொத்துவரியில் 10 முதல் 40 வீதம் வரை கழிவு கொடுக்க மாகாணச் சட்டம் நகரசபைகளை அனுமதிக்கிறது. இந்த வீட்டுக்குக் கிடைக்குமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். அனுமதியின்றி வீட்டை இடித்தால் தண்டம் பத்து இலட்சம் டொலர் வரை போகலாம்.