நர்சம்மாவின் வரலாறு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் 1950களிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்த நர்சம்மாவுக்கு ஒரு சிறப்பு மலர் கொண்டுவருகிறோம். வந்த கட்டுரைகள் எல்லாம் ‘தியாகச் சுடர்’, ‘கருணைக் கடல்’ என்றே இருக்கின்றன. அவர் செய்த வேலையை எப்படி எழுதுவது?

ம., திருவட்டாறு

அன்புள்ள ம.,

அந்த அடைமொழிகளை வெட்டிவிடுங்கள். அதே வரியை ஓய்வுபெற்ற வாத்தியாருக்கும் போடலாம்.

தொப்புள்கொடியிலிருந்து தொடங்குங்கள். அரிவாளோ கைக்குக் கிடைத்த பிளேடோ கொண்டு அறுத்து, வெட்டிய இடத்தில் சாம்பலோ சாணமோ வைக்கும் பழக்கம் இருந்தது. ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளைக்கு, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வாய் பூட்டிக்கொள்ளும், உடம்பு வில்லாக வளையும். பிழைத்தவை சொற்பம்.

பயிற்சி பெற்ற நர்ஸ் கத்தரி, இடுக்கி, நூல் எல்லாவற்றையும் தண்ணீர் கொதித்த பிறகு 20 நிமிடம் வைப்பார். நடுவில் மறந்த ஒன்றைப் போட்டால் கணக்கு முதலிலிருந்து. பிள்ளையின் வயிற்றிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒரு கட்டு, அதற்கப்பால் இன்னொன்று, நடுவில் வெட்டு. கொடி சுருங்கும்போது கட்டு தளரும். துணிக்குள் இரத்தம் கசிவது யாருக்கும் தெரியாது. அதனால் கிளம்பும்முன் அவிழ்த்துப் பார்ப்பார். மேலே எதுவும் பூசக் கூடாது என்பதில்தான் பாட்டிகளோடு சண்டை வந்திருக்கும். அதைக் கேட்டு எழுதுங்கள்.

ஆனால் வெந்நீர் மட்டும் போதாது. ரணஜன்னிக் கிருமி கெட்டி உறைக்குள் உறங்கும் வித்தாக இருக்கும்போது கொதிநீரையும் தாங்கக்கூடியது. உண்மையான காப்பு கர்ப்பிணிக்குப் போட்ட ரணஜன்னித் தடுப்பூசி: நான்கு வார இடைவெளியில் இரண்டு, அதில் இரண்டாவது ஊசி பிரசவத்துக்கு இரண்டு வாரமாவது முன்பு. முதல் ஊசி போட்டவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டால் இரண்டாவது தவறிவிடும். உங்கள் நர்சம்மா அந்த ஊருக்குச் சொல்லியனுப்பினாரா? நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் வந்தது 1978இல். அதற்கு முன், பின் என்று அவர் வேலையைப் பிரித்துப் பாருங்கள்.

நஞ்சுக்கொடி விழத் தாமதமானால் பிடித்து இழுப்பது பழைய வழக்கம். பிரியுமுன் இழுத்தால் கருப்பையே புரண்டு வெளியே வரலாம். துண்டு உள்ளே தங்கினால் இரத்தம் நிற்காது. கொடி தானாக நீளும்வரை, கருப்பை உருண்டு இறுகும்வரை காத்திருந்து, விழுந்ததை விரித்துத் துண்டு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே நிற்கும் ஆண்கள் அவசரப்படுத்துவார்கள்.

உங்கள் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல். அதற்கு முன்பே அரசுப் பணியில் இருந்தார் என்றால் அவர் திருவிதாங்கூர்-கொச்சி மாநில ஊழியர். நியமனத் தாளைத் திருவனந்தபுரம் பக்கம் தேடுங்கள். மலையாளம் வாசிப்பவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிள்ளை பெற்றவர்களிடம் ‘நல்லவரா’ என்று கேட்காதீர்கள். எந்தப் பாத்திரத்தில் கொதிக்க வைத்தார், எத்தனையாம் நாள் திரும்ப வந்தார், எந்த வீட்டில் திண்ணையோடு நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். பழைய மருத்துவச்சியின் குடும்பத்தையும் பாருங்கள். நர்சம்மா வந்ததில் அவர் பிழைப்பு போனதா, இருவரும் சேர்ந்து பார்த்தார்களா என்பது மலர்களில் வருவதே இல்லை.