யானைக்காலுக்கு ‘பாக்டீரியா மாத்திரை’: ஆறு வாரத்தில் வீக்கம் வடியுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. பன்னிரண்டு வருடமாக இடது காலில் யானைக்கால் வீக்கம். அடிக்கடி நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வருகிறது. ஏஜென்ட் ஒருவர், புழுவுக்குள் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் புது மருந்து, ஆறு வாரத்தில் கால் பழையபடி ஆகிவிடும் என்று 18,000 ரூபாய் கேட்கிறார். ஆறு மாதக் கர்ப்பிணியான என் தங்கைக்கும் முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் தங்கை அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். யானைக்கால் புழுவுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அது இல்லாமல் பெண் புழுவால் குட்டி போட முடியாது. டாக்சிசைக்ளின் மாத்திரையை நான்கு முதல் ஆறு வாரம் சாப்பிட்டால் அந்த பாக்டீரியா அழியும். புழு மலடாகி, ஒன்றிரண்டு வருடத்தில் மெல்லச் சாகும். முகப்பருவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் காலங்காலமாக எழுதித்தரும் அதே மாத்திரைதான் இது. ஆறு வாரத்துக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. மீதிப் பணம் யாருக்குப் போகிறது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். லேபிள் கிழித்த டப்பா, பெயர் சொல்லாத ஊசி, ‘முகாம் விலை’ என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, புழு செத்தால் கால் வடியுமா? பன்னிரண்டு வருட வீக்கத்தில் பெரும்பாலும் உயிருள்ள புழுவே இருக்காது. காலில் சேரும் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்களை அது கெடுத்துவிட்டுப் போனதுதான் வீக்கத்துக்குக் காரணம். கானாவில் நடந்த ஓர் ஆய்வில் ஆரம்பநிலை வீக்கத்துக்கு இந்த மாத்திரை உதவியது. பின்னால் வந்த ஆய்வுகளில், காலைச் சுத்தமாகப் பராமரித்தவர்களுக்கும் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

தங்கை விஷயத்தைத் திரும்பவும் சொல்கிறேன். கர்ப்பிணிகளுக்கு டாக்சிசைக்ளின் கூடாது. வயிற்றில் வளரும் குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் போய்ப் படியும். பல் பழுப்பாகவே முளைக்கலாம். ‘பாதி டோஸ்தானே’ என்பார்கள், அதுவும் வேண்டாம். பால் கொடுக்கும்போதும் தானாக வாங்கிப் போடக் கூடாது. அம்மாவின் கால் வீக்கம் தொட்டால் ஒட்டுவதும் இல்லை. கொசு வழியாகத்தான் புழு பரவுகிறது. தங்கைக்கு நல்ல கொசுவலை வாங்கிக் கொடுங்கள்.

அம்மாவுக்கு வரும் காய்ச்சல் பெரும்பாலும் விரலிடுக்கில் சேற்றுப்புண் வெடித்து, அந்த வழியாகக் கிருமி நுழைவதால் வருவது. தினமும் இரவு சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமே இல்லாமல் ஒற்றியெடுத்து, புண் இருந்தால் டாக்டர் தரும் களிம்பைத் தடவுங்கள். தூங்கும்போது கால் உயரமாக இருக்கட்டும். நெறி கட்டினால் அன்றே டாக்டரிடம் போங்கள். அந்தக் காலைப் பிடித்துவிடவோ உருவிவிடவோ கூடாது.

உடம்பில் இன்னும் புழு இருக்கிறதா என்று பார்க்க, இரவு பத்து மணிக்கு மேல் இரத்தம் எடுக்க வேண்டும். குஞ்சுப் புழுக்கள் அப்போதுதான் இரத்தத்தில் ஓடும். ஆனால் பகல் பதினொரு மணிக்கு எடுத்துவிட்டு ‘புழு இல்லை’ என்று சீட்டு எழுதித் தருவதை இன்றும் பார்க்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் இதைத் திருத்த முடியவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை. எந்த நேரத்திலும் செய்யக்கூடிய பட்டைச் சோதனை (ஸ்ட்ரிப் டெஸ்ட்) ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள். அப்படியே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசின், சோப்பு, களிம்பு அடங்கிய கால் பராமரிப்புப் பெட்டியையும் கேளுங்கள். இலவசமாகத் தர வேண்டியது அது. இருப்பு இல்லை என்றால் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வாரமும் போய் நில்லுங்கள்.