எந்த மாநிலத்துக்குப் போகவே கூடாது?

கேள்வி: அக்கா, என் கணவர் சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார். அவரை அமெரிக்கா அனுப்புகிறார்கள். நியூஜெர்சியில் எடிசன், இல்லையென்றால் ஆர்கன்சாவில் பென்டன்வில். எந்த ஊர் என்று இந்த மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். ஆர்கன்சா என்று சொன்னதுமே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. டல்லாஸில் இருக்கும் மாமா, "ஆர்கன்சா, மிசிசிப்பி, மேற்கு வெர்ஜீனியா மூன்றுக்கும் மனுஷன் போவானா?" என்கிறார். நியூஜெர்சி சித்தியோ, "இங்கே வரி கட்டியே தேய்ந்துவிடுவீர்கள்" என்கிறார். எனக்கு கார் ஓட்டத் தெரியாது. மகளுக்கு 6 வயது. இரண்டாவது குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். போன வருடம் ஐந்தாவது மாதத்தில் பனிக்குடம் உடைந்து ஒன்று தவறிவிட்டது. வாழ லாயக்கில்லாத மாநிலங்கள் என்று உண்மையிலேயே இருக்கின்றனவா? எவை அவை?
- வாசகி, தாம்பரம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் வீட்டில் நடக்கும் சண்டைக்கு வயது தொண்ணூறுக்கு மேல். 1931-இல் எச்.எல். மென்கன் என்ற பத்திரிகையாளர், தான் நடத்திய 'அமெரிக்கன் மெர்க்குரி' இதழில், சக எழுத்தாளர் ஒருவரோடு சேர்ந்து, அப்போதிருந்த 48 மாநிலங்களையும் செல்வம், கல்வி, உடல்நலம், குற்றம் என்று பல கணக்குகளில் வரிசைப்படுத்தினார். கடைசி இடம் மிசிசிப்பிக்கு. இன்றைக்கும் வருமானம், ஆயுள் என்று எந்தப் பட்டியல் வந்தாலும் அதன் பெயர் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் உங்கள் மாமா சொல்வது காற்றில் வந்த பேச்சு இல்லை.

ஆனால் அவர் இருக்கும் டெக்சாஸையும் பாருங்கள். சிஎன்பிசி தொலைக்காட்சி ஆண்டுதோறும் போடும் பட்டியலில், வாழ்வதற்கு மிக மோசமான மாநிலம் என்று 2023-இலும் 2024-இலும் கடைசியில் வைத்தது டெக்சாஸைத்தான். அதே டெக்சாஸில் 2010-க்கும் 2020-க்கும் நடுவே ஏறக்குறைய 40 லட்சம் பேர் கூடினார்கள். வேறெந்த மாநிலத்திலும் அவ்வளவு பேர் கூடவில்லை. சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது, வேலை இருக்கிறது, வீடு வாங்க முடிகிறது என்று போனார்கள். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல், இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும் அங்கேதான். இரண்டுமே உண்மை. பட்டியல் போடுகிறவர் எதை எண்ணுகிறாரோ, அதற்கு ஏற்றபடி கடைசிப் பெயர் மாறும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2007-இல் நாங்கள் போனது நார்த் டகோட்டாவில் உள்ள ஃபார்கோவுக்கு. "கேட்டு வாங்கிப் போகிற ஊரா அது?" என்று எல்லோரும் கேட்டார்கள். ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி வரை போகும். காரின் முன்பக்கம் ஒரு மின்கம்பி தொங்கும்; இரவில் அதை பிளக்கில் செருகி வைத்தால்தான் இன்ஜின் உறையாமல் காலையில் கிளம்பும். ஒருநாள் கடையில் வாங்கிய கொத்துமல்லிக் கட்டைக் கையில் பிடித்தபடி காருக்கு நடந்தேன். நூறடி இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் இலை கண்ணாடிபோல விறைத்திருந்தது. பத்து நிமிஷத்தில் கறுத்துக் குழைந்துவிட்டது. அன்றைக்கு ரசத்துக்குக் கொத்துமல்லி இல்லையே என்று அழுதேன். அழுதது கொத்துமல்லிக்காக மட்டும் இல்லை என்பது உங்களுக்குப் புரியும்.

அதே ஊரில் 2009 மார்ச்சில் வெள்ளம் வந்தது. அங்கே ரெட் நதி வடக்கு நோக்கி ஓடுகிறது. தெற்கே பனி உருகித் தண்ணீர் வரும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும். போக வழியில்லாமல் தண்ணீர் ஏறும். அந்த வருடம் கிட்டத்தட்ட 41 அடி, அதுவரை அந்த ஊர் காணாத உயரம். ஃபார்கோடோம் என்ற பெரிய உள்ளரங்கத்தில் ஊரே கூடி மணல் மூட்டை கட்டியது. கல்லூரிப் பிள்ளைகள், பாட்டிமார், பெயர்கூடத் தெரியாத நாங்கள். என் பக்கத்தில் நின்ற அம்மாள் என் கையுறை நனைந்ததைப் பார்த்துத் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். அதன்பிறகு அவர் வீட்டில் நானும் என் வீட்டில் அவரும் சாப்பிடாத மாதம் இல்லை.

அப்படியானால் ஃபார்கோ நல்ல ஊரா, கெட்ட ஊரா? முதல் குளிர்காலம் எனக்குக் கொடுமையாக இருந்தது, மூன்றாவது அப்படி இல்லை. குளிர் அப்படியேதான் இருந்தது. நடுவில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அதனால் மாநிலத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். நீங்கள் குடியிருக்கப்போவது ஒரு தெருவில், ஒரு பள்ளி மாவட்டத்தில். ஆர்கன்சாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே மிசிசிப்பி ஆற்றங்கரை, பழைய பருத்திக் காடுகள். அங்கே வேலை போய், ஜனம் போய், ஊர்கள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. பட்டியல்களில் ஆர்கன்சாவைக் கீழே இழுப்பதில் அந்தப் பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வடமேற்கு மூலையில், ஓசார்க் மலையடிவாரத்தில் இருக்கிறது பென்டன்வில். வால்மார்ட்டின் தலைமையகம் அங்கேதான். 2000-இல் 20,000 பேர்கூட இல்லாத ஊர், 2020-இல் 54,000 பேர். வால்மார்ட்டுக்குச் சரக்கு கொடுக்கும் கம்பெனிகள் எல்லாம் அங்கே ஆபீஸ் போட்டிருக்கின்றன. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது. காடு சூழ்ந்த அருமையான ஓவியக் காட்சியகம் ஒன்று, கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்று பெயர். நுழைவுக் கட்டணம் இல்லை. சூறாவளிப் பயம் உண்டு, மறைக்க மாட்டேன். 2024 மே மாதம் பக்கத்து ஊரான ராஜர்ஸைப் புரட்டிப்போட்டது. அப்புறம், பேருந்தை நம்பி அங்கே காலம் தள்ள முடியாது.

மிசிசிப்பியிலும் இப்படித்தான். 2022 ஆகஸ்டில் தலைநகர் ஜாக்சனில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் நின்றுபோய், ஒன்றரை லட்சம் பேர் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். அதே மாநிலத்தின் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்புத் தேர்வில் 2013-இல் நாட்டிலேயே 49-ஆம் இடம். 2024-இல் 9-ஆம் இடம். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் வாசிக்கத் தெரிந்தாக வேண்டும் என்று சட்டம் போட்டு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சாதித்தார்கள். அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

சித்தி சொல்லும் வரியும் உண்மைதான். நியூஜெர்சியில் வீட்டு வரி சராசரியாக ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டுகிறது. ஆனால் அது வீடு வாங்கியவர்கள் கையிலிருந்து கட்டுவது. நீங்கள் வாடகைக்குப் போகிறீர்கள். வாடகை பென்டன்வில்லைவிடக் கூடுதலாக இருக்கும், அதற்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், கார் ஓட்டக் கற்றுக்கொண்டு பென்டன்வில் போங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தில், மாமாவும் சித்தியும் பேசாத ஒரு வரி இருக்கிறது. ஐந்தாவது மாதத்தில் பனிக்குடம் உடைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் நாலைந்து தடவை படித்தேன்.

தெருவும் பள்ளியும் ஊருக்கு ஊர் மாறும். சட்டம் அப்படியில்லை, எல்லை தாண்டும்வரை மாநிலம் முழுக்க அதே சட்டம்தான். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை அந்தந்த மாநிலத்தின் கையில் விட்டது. அன்றைக்கே ஆர்கன்சாவில் தடை அமலுக்கு வந்தது. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே விலக்கு. வயிற்றிலேயே இறந்துவிட்ட சிசுவை அகற்றுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு நடந்தது மாதிரி பனிக்குடம் சீக்கிரமே உடைந்து, குழந்தைக்கு இதயத் துடிப்பு இருக்கும்போது, எந்தக் கட்டத்தில் தலையிடலாம் என்று மருத்துவர் சட்டத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த மணிநேரங்களில் தாய்க்குக் கிருமித் தொற்று ஏறலாம். பேறுகால இறப்பு மிக அதிகமான அமெரிக்க மாநிலங்களில் ஆர்கன்சாவும் ஒன்று. நியூஜெர்சியோ 2022 ஜனவரியிலேயே இந்த உரிமையைச் சட்டமாக்கிவிட்டது. அங்கே முடிவு உங்களுக்கும் மருத்துவருக்கும் நடுவில் இருக்கும்.

இதில் அரசியல் சார்பாக எதுவும் நான் சொல்லவில்லை. ஒரு முறை அந்த வலியைப் பட்ட உடம்புக்கு, அடுத்த முறை மருத்துவர் தயங்காமல் கை வைக்கிற இடம் வேண்டும். அதனால் எடிசனுக்குப் போங்கள். குழந்தை பிறந்து, உங்கள் உடம்பு தேறிய பிறகு பென்டன்வில் மாதிரி ஊரில் வேலை வந்தால், மாமா என்ன சொன்னாலும் தாராளமாக யோசிக்கலாம்.

எடிசனில் வீடு பார்க்கும்போது ஓக் ட்ரீ ரோடு பக்கம் நடக்கிற தூரத்தில் கிடைக்கிறதா என்று பாருங்கள். நம்மூர்க் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. கார் ஓட்டத் தெரியாத முதல் சில மாதங்களுக்கு அது பெரிய துணை. கணவரின் எச்1பி வேலை விசாவை ஒட்டி மனைவிக்குக் கிடைக்கும் எச்4 விசாவில் நீங்கள் போனால், போனவுடன் வேலைக்குப் போக முடியாது. கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டிய பிறகுதான் அனுமதி கேட்கலாம். ஆனால் லைசென்ஸ் எடுக்கத் தடையில்லை. தாம்பரத்திலேயே ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அங்கே போய் அந்த மாநில லைசென்ஸ் எடுப்பதும், வலதுபக்கம் ஓட்டப் பழகுவதும்தான் பாக்கி இருக்கும்.

இப்போது உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் போய், போன வருடம் ஏன் அப்படி ஆயிற்று, அடுத்த முறை எத்தனையாவது வாரத்திலிருந்து கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டு, அவர் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். கணவரின் இன்ஷூரன்ஸில் பிரசவச் செலவுக்கு எவ்வளவு கைக்காசு போகும் என்று அவரையே கம்பெனியில் கேட்கச் சொல்லுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, விமானத்தில் ஏற்றும் பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.