பாக்ஸை இறக்குவதற்கு முன்: பழைய கார் கியர், ஆயில் கசிவு கேள்வி பதில்

குன்னூரில் 30 வருடமாகக் கார் வேலை பார்க்கிறேன். என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் கோவையிலோ திருப்பூரிலோ வாங்கி மலைக்கு ஏற்றிவந்த பழைய வண்டிகள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். கீழே பல வருடம் ஒளிந்திருந்த கோளாறு அந்த ஒரு ஏற்றத்தில் வெளியே வந்துவிடும். கியர், ஆயில் கசிவு பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேத்தி, காரட் விவசாயி: அண்ணா, கோயம்புத்தூரில் ஒரு பழைய ஆல்ட்டோ வாங்கினேன். அங்கே ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. பர்லியாறு தாண்டி ஏறும்போது இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கருகிய வாடையும் வருகிறது. இரண்டு மெக்கானிக்குகள் கியர் பாக்ஸ் போச்சு என்கிறார்கள்.

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பாக்ஸ் இல்லை, கிளட்ச். இன்ஜின் சுற்றுகிறது, சக்கரத்துக்கு அந்தச் சுற்று போய்ச் சேரவில்லை. நடுவில் வழுக்குவது கிளட்ச் பிளேட். அந்தக் கருகல் வாடையும் அதனுடையதுதான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சமமான, முன்னால் ஆள் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு மூன்றாவது கியரில் வைத்து, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தபடி கிளட்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே திணறி அணைந்துவிடும். பெடலை முழுதாக விட்ட பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்கல் உறுதி. ஒரு தடவை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கிற பிளேட்டும் வெந்துவிடும்.

அப்புறம், பிளேட் மாற்றச் சொல்வதற்கு முன் கிளட்ச் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். பெடலை விரலால் அழுத்தினால் முதலில் கொஞ்ச தூரம் எதிர்ப்பில்லாமல் போக வேண்டும். அந்தத் தளர்வு இல்லாமல் கேபிள் இழுத்துக்கொண்டு நின்றால், புது பிளேட்கூட வழுக்கும். நட்டைத் திருப்பிச் சரிசெய்ய பத்து நிமிடம் ஆகும்.

அதுவும் சரியாக இருந்தால்தான் பாக்ஸை இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் பிளேட்டோடு பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்கின் (இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டு) பின்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். சீலின் விலை சொற்பம், பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது. அந்தச் சீலை விட்டுவைத்து, ஆறே மாதத்தில் புது பிளேட்டில் ஆயில் இறங்கித் திரும்பவும் பாக்ஸ் இறக்கிய வண்டிகளைப் பார்த்து எனக்கே வயிறு எரிந்திருக்கிறது.

கோத்தகிரி: மார்கழிக் காலையில் இரண்டாவது கியர் கரகரவென்று அரைத்துக்கொண்டு விழுகிறது. ஒன்பது மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. பாக்ஸ் பிரிக்கணுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். குளிரில் கியர் ஆயில் கெட்டியாகிவிடும். பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரோ ரிங் என்ற வளையம் கியரின் வேகத்தைச் சமப்படுத்த அந்த ஆயிலைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். முதல் சில கிலோமீட்டர் அவசரப்படாமல், நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்திப் பிறகு இரண்டுக்குத் தள்ளுங்கள்.

ஆனால் என்ன ஆயில் இருக்கிறது என்று பாருங்கள். கடையில் கிடைத்த கெட்டி கியர் ஆயிலை முன்பு வைத்திருந்தவர் ஊற்றியிருக்கக்கூடும். வண்டியோடு வந்த புத்தகத்தில் 75டபிள்யூ-90 என்றோ 75டபிள்யூ-80 என்றோ ஆயிலின் கெட்டித்தன்மை போட்டிருந்தால் அதையே வாங்குங்கள். ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதில் சேர்க்கும் கந்தக மருந்து பின்பக்க டிஃபரன்ஷியலுக்கு நல்லது, பித்தளை சிங்க்ரோ ரிங்கைச் சில சமயம் தின்றுவிடும். ஆயில் மாற்றியும், வண்டி சூடான பிறகும் அரைத்தால் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே ஏறவும் இறங்கவும் இரண்டாவது கியரே கதி என்பதால் மலை வண்டிகளில் அதுதான் முதலில் தேயும்.

மஞ்சூர்: இறக்கத்தில் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்ததும் மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஏற்றத்தில் ஒன்றும் ஆவதில்லை. கையால் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறேன்.

பதில்: தம்பி, இதைச் சரிசெய்யும் வரை வண்டியை மலை இறக்காதீர்கள். வந்த கேள்விகளில் என்னைப் பயமுறுத்தியது இதுதான்.

மலையில் கியர்தான் நமக்கு இன்னொரு பிரேக். அது கழன்றால் முழுப் பாரமும் கால் பிரேக்கில் விழும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் வண்டியை எடுத்துக்கொண்டு கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினேன். மொத்தம் 36 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் ஒரு வளைவுக்கு முன் கியர் கழன்றது. ஓரத்தில் நிறுத்தி இறங்கியபோது என் முழங்கால் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

ஏன் இறக்கத்தில் மட்டும் என்றால், ஏறும்போது இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது, இறங்கும்போது சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது. கியரைக் கோத்துப் பிடிக்கும் பற்களில் அப்போது பாரம் எதிர்ப்பக்கத்துக்கு மாறும். அந்தப் பக்கம் தேய்ந்திருந்தால் பிடி விட்டுவிடும்.

வெளியிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் இன்ஜின், பாக்ஸ் மவுண்டிங் ரப்பர். பானெட்டைத் திறந்து வைத்துப் பக்கவாட்டில் ஒருவர் நின்று பார்க்கட்டும். பிரேக்கை மிதித்தபடி முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சம் விட்டுப் பிடித்தால் இன்ஜின் எவ்வளவு துள்ளுகிறது என்று தெரியும். மவுண்டிங் கிழிந்திருந்தால் இன்ஜின் ஆடும்போது கியர் கேபிளையோ ராடையோ அதுவே இழுத்துக் கழற்றிவிடும். அடுத்தது லிவருக்குக் கீழே உள்ள புஷ், கேபிள் அட்ஜஸ்ட்மென்ட். கியர் முழுதாக உள்ளே போகாமல் முக்கால்வாசியில் நின்றாலும் இதே கோளாறுதான் வரும். இவை எல்லாம் சரியாக இருந்தால் பாக்ஸைப் பிரித்து ஃபோர்க் (கியரை நகர்த்தும் கவை), லாக் ஸ்பிரிங்கும் குண்டும், கியர் பற்கள் ஆகிய எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கையால் பிடித்து ஓட்டுவதை இன்றோடு விடுங்கள். அந்த அழுத்தத்தில் ஃபோர்க் உராய்ந்து தேய்ந்துவிடும்.

ஊட்டி: காலையில் வண்டிக்கு அடியில் கறை. எந்த ஆயில், எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரவு அட்டைப் பெட்டியைப் பிரித்து அடியில் விரித்து வையுங்கள். சாய்வில் நிறுத்தினால் ஆயில் அடிப்பாகத்திலேயே வழிந்து வேறு இடத்தில் சொட்டும், ஏமாந்துவிடுவோம். ஆகவே சமதரை முக்கியம். கிடைக்காவிட்டால் பெட்ரோல் பங்கில் கேட்டு ஒரு மணி நேரம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கறையைத் தொட்டு மோந்து பாருங்கள். கறுப்பாக, கருகல் வாடையோடு இருந்தால் இன்ஜின் ஆயில். தேன் நிறத்தில் கெட்டியாக, கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். சிவப்பாக மெல்லியதாக இருந்தால் பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங் ஆயில், ஆட்டோமேடிக் வண்டியில் பாக்ஸ் ஆயிலாகவும் இருக்கலாம். சக்கரத்தின் உள்பக்கமாக வழவழவென்று இருந்தால் பிரேக் ஆயில். அப்படியென்றால் வண்டியை எடுக்கவே வேண்டாம். வெறும் தண்ணீர் என்றால் ஏசி.

இன்ஜின் ஆயில் என்றால் மேலிருந்து கீழே தேடுங்கள். ஆயில் கீழ்நோக்கித்தான் வழியும், அதனால் நனைந்த இடங்களில் உயரமானதே ஊற்று. முதல் சந்தேகம் டேப்பட் கவர் பேக்கிங். பிறகு ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டர், முன்பக்க கிராங்க் சீல், சேம்பர் பேக்கிங், கடைசியாக டிரெய்ன் போல்ட் வாஷர். எல்லாமே நனைந்து கிடந்தால் நன்றாகத் துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். கசியும் இடத்தில் பவுடர் கறுத்துக் கோடு போட்டுக் காட்டும்.

ஒரே சமயத்தில் இரண்டு மூன்று சீல் கசிந்தால் உடனே சீலைக் குறை சொல்லாதீர்கள். பிசிவி வால்வு அடைத்திருக்கலாம். உள்ளே சேரும் ஆவி வெளியேற வழியில்லாமல் ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். அதைச் சுத்தம் செய்யாமல் புது சீல் போட்டால் அதுவும் கசியும்.

அரவங்காடு: ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி வெள்ளைப் பசை. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பெரிய தொகை கேட்கிறார்கள். வண்டி வீட்டிலிருந்து வேலைக்கு மூன்று கிலோமீட்டர் மட்டும்தான் போகும்.

பதில்: நீங்கள் கடைசியாக எழுதிய வரியில்தான் விஷயம் இருக்கிறது. நம்முடைய குளிரிலும் பனிமூட்டத்திலும் மூன்று கிலோமீட்டரில் இன்ஜின் முழுதாகச் சூடாகாது. உள்ளே படியும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு கலந்து மூடியில் பசையாக நிற்கும். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அதில் ஆயில் சுத்தமாக இருந்து, கூலன்ட் அளவும் குறையாமல் இருந்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை கோத்தகிரி வரை போய் வாருங்கள், பசை மறைந்துவிடும். டிப் ஸ்டிக்கிலேயே ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் அவர்கள் சொன்னது உண்மை, கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது.

குன்னூர், ஆசிரியை: எங்கள் வீட்டு வாசலே சரிவுதான். டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைவாகக் காட்டியதால் ஒரு லிட்டர் ஊற்றினேன். அதன் பிறகு கசிவு அதிகமாகிவிட்டது, ஐயா.

பதில்: அம்மா, சரிவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், குச்சி பொய் சொல்லும். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கூடுதலை இறக்கிவிட வேண்டும். கிராங்க் அந்த ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயில் பேரிங்குக்குச் சரியாகப் போய்ச் சேராது. இறக்கிய பிறகும் கசிந்தால் சீலைப் பார்க்கலாம்.

கூடலூர்: கசிவை நிறுத்தும் மருந்து பாட்டில் ஊற்றலாமா?

பதில்: இறுகிப்போன ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும், அவ்வளவுதான். கிழிந்த சீலை அது தைக்காது. நான் ஊற்றுவதில்லை. பேக்கிங்குக்குப் பதிலாகச் சிலிக்கான் பேஸ்டை அள்ளி அப்புவதும் வேண்டாம். உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து ஆயில் பம்பின் வலையில் போய் அடைக்கும்.

கூடலூரிலிருந்தே இன்னொருவர்: நியூட்ரலில் நிற்கும்போது உர்ர் என்று சத்தம். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது.

பதில்: பாக்ஸுக்குள் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். முதலில் கியர் ஆயில் அளவைப் பாருங்கள், ஆயில் குறைந்து ஓடித்தான் பல பேரிங்குகள் போகின்றன.

குன்னூர், டாக்ஸி ஓட்டுநர்: ஆக்சில் ஆயில் சீலை இரண்டு தடவை மாற்றியும் கியர் ஆயில் கசிகிறது.

பதில்: ஆக்சிலில் சீல் உரசும் இடத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது. சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைக்க இடமிருந்தால் அப்படிச் செய்யலாம், இல்லையென்றால் ஆக்சிலை மாற்ற வேண்டும். பாக்ஸுக்குள் சேரும் காற்று வெளியேறும் பிரீத்தர் துளை மண்ணால் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஊட்டி: பழைய ஏஎம்டி (தானாகக் கியர் மாற்றும்) கார் வாங்கலாமா? மலைக்கு ஒத்துவருமா?

பதில்: வரும், ஓட்டத் தெரிந்தால். உள்ளே இருப்பது சாதாரண கியர் பாக்ஸும் கிளட்சும்தான், காலுக்குப் பதில் ஒரு இயந்திரம் மிதிக்கிறது. சேரிங் கிராஸ் நெரிசலில் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தியே வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் வெந்துவிடும். பிரேக்கில் நிறுத்துங்கள். இறக்கத்தில் மேனுவலுக்கு மாற்றி இரண்டில் வையுங்கள். வாங்கும்போது கிளட்ச் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். மாற்றிய பிறகு ஸ்கேனர் போட்டு வண்டியின் கம்ப்யூட்டருக்குப் புது அளவைக் கற்றுக்கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். அதைச் செய்யாத வண்டி குலுங்கிக் குலுங்கித்தான் கிளம்பும்.

கோத்தகிரி: பழைய வண்டி பார்க்கப் போகிறேன். இன்ஜின் பளபளவென்று இருக்கிறதாம்.

பதில்: முந்தின நாள் கழுவியிருப்பார்கள். கழுவாமல் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜினும் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஈரம் இருந்தால் கிளட்ச் வேலைக்கான பணத்தை விலையில் கழித்துக் கேளுங்கள். ஒரு ஏற்றமாவது ஓட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்றால் ஆக்சில் ஜாயின்ட்.

குந்தா: வடித்த பழைய ஆயிலை வேலிக் கம்பத்துக்குப் பூசலாமா? கரையான் வராது என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். முதல் மழையிலேயே அது கழுவி ஓடைக்குப் போகும். அந்தத் தண்ணீரைத்தான் கீழே இருப்பவர்கள் குடிக்கிறார்கள், தோட்டத்துக்கும் பாய்ச்சுகிறார்கள். மூடியுள்ள கேனில் பிடித்துப் பக்கத்து ஒர்க்ஷாப்பில் கொடுங்கள், பழைய ஆயிலை விலைக்கு எடுப்பவர்கள் அங்கே வருவார்கள். என்னிடம் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.