கண்ணில் ஊசி போடும்போதெல்லாம் ஓசிடி ஸ்கேன் எடுப்பது அவசியமா?

அப்பாவுக்குச் சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது, ஊசி போடுகிறார்கள், விழித்திரையைப் போட்டோ எடுத்த பிறகும் ஓசிடி (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படம்பிடிக்கும் ஸ்கேன்) எதற்கு, அம்மாவுக்கும் சர்க்கரை இருப்பதால் அவருக்கும் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விழித்திரைப் பிரிவில் இந்த ஸ்கேன்களை எடுக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் நான். அப்பாவுக்கு அவசியம்தான்.

நடுப்பார்வை மங்குகிறது, நேர்க்கோடு வளைந்து தெரிகிறது என்று வருபவர்கள் எல்லாருக்கும் ஒரே நோய் இல்லை. சர்க்கரையில் ரத்தக்குழாய் கசிந்து விழித்திரைக்கு உள்ளேயே சின்னச் சின்னக் குமிழ்களாக நீர் தேங்கும். வயதானவர்களுக்கு விழித்திரைக்கு அடியிலிருந்து புதுக் குழாய்கள் முளைத்துக் கசியலாம். முப்பது, நாற்பது வயது ஆண்களிடம் அதிகம் பார்க்கும் சென்ட்ரல் சீரஸ் நோயில் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்து அதை மேலே தூக்கிவிடும். போட்டோ மேலிருந்து எடுப்பது. வீக்கம் அதில் சரியாகப் பிடிபடாது. ஓசிடியில், வெங்காயத்தைக் குறுக்கே அரிந்த மாதிரி ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாகத் தெரியும். கண்ணைத் தொடாமல், அகச்சிவப்புக்கு அருகான ஒளியைச் செலுத்தி, சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நுணுக்கம்வரை காட்டுகிறது. 1991-இல் அமெரிக்காவின் எம்ஐடி குழு வெளியிட்ட நுட்பம் இது.

நீர் எந்த அடுக்கில் என்பது ஏன் முக்கியம்? சர்க்கரை வீக்கம் மற்ற ஊசிகளுக்கு வற்றாவிட்டால் கண்ணுக்குள் ஸ்டீராய்டு போடுவதுண்டு. சென்ட்ரல் சீரஸில் அதே ஸ்டீராய்டு நோயைக் கூட்டிவிடும். பலருக்கு இந்த நோயில் கோத்த நீர் சில மாதங்களில் தானாகவே வற்றும். ஆஸ்துமா இன்ஹேலரிலும் தோல் களிம்பிலும்கூட ஸ்டீராய்டு இருக்கலாம்; அவற்றைப் பயன்படுத்தினால் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எந்த இடத்தில் கசிகிறது, எங்கே ரத்தம் போகவில்லை என்று பார்க்கக் கையில் சாய ஊசி போட்டு ஆஞ்சியோ (விழித்திரை ரத்தக்குழாய்களின் படம்) எடுப்பார்கள். அதன்பின் தோலும் சிறுநீரும் மஞ்சளாகும்; ஓரிரு நாளில் போய்விடும், பயப்பட வேண்டாம். சாயமில்லாத ஓசிடி ஆஞ்சியோவும் வந்துவிட்டது. ஆனால் அது கசிவைக் காட்டாது.

அடுத்த ஊசி தேவையா, இடைவெளியைக் கூட்டலாமா என்பதைப் பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அதனால் முடிந்தவரை ஒரே மெஷினில் எடுங்கள். விழித்திரையின் தடிமனை எந்த அடுக்கிலிருந்து எந்த அடுக்குவரை அளப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஓரிடத்தில் 280, இன்னோரிடத்தில் 300 மைக்ரான் என்று வந்தால் உடனே வீக்கம் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. கலர் பிரின்ட்களையும் ஃபைலில் வையுங்கள்.

அம்மாவுக்குப் பார்வை நன்றாக இருந்து, விழித்திரையிலும் பாதிப்பு இல்லையென்றால் இப்போதைக்கு ஓசிடி வேண்டாம். வருடம் ஒருமுறை கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தாலே போதும்.